சனிக் குழாயில் கட்டிய கறுப்புத் துணி

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெருங்குடிப் பக்கம் ஒரு பூங்காவில், கோள்களின் நகர்வை இசையாக மாற்றிக் காட்டும் கலைப்படைப்பு ஒன்றை நிறுவப் போகிறார்களாம். மறைத்து வைத்த ஒலிபெருக்கிகள், இருட்டியதும் நிறம் மாறும் விளக்குகள், எல்லாவற்றையும் இயக்கும் கணினி. படத்தை மேசையில் விரித்தார்கள். அழகாகவே இருந்தது. சுற்றிலும் ஒரு கண்ணாடித் தடுப்பும், அதன்மேல் ‘தொடாதீர்கள்’ என்ற பலகையும் இருந்தன. அந்தத் தடுப்பு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

“உங்க காலத்துலயே இந்த மாதிரி ஒண்ணு வெச்சீங்களாமே சார், அதுக்கு என்ன தடுப்பு போட்டீங்க?” என்று அவர்களில் ஒருவரான பெண் கேட்டார்.

உயரத்தைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு தடுப்பு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைக் கேட்காமல் அதன் உயரத்தை முடிவு செய்யக்கூடாது என்பதை நான் பட்டறிந்தவன். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே சற்று நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு மாநகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளை நான் மழைநீர்க் கால்வாய்களிலும் நடைபாதைக் கற்களிலும் கழித்தேன். பிறகு பூங்காப் பிரிவுக்கு மாற்றினார்கள். அது ஒரு தண்டனை என்று நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டணம் இல்லாமலும் காரணம் சொல்லாமலும் யார் வேண்டுமானாலும் நுழைந்து உட்காரக்கூடிய இடம் ஒரு நகரத்தில் மிகக் குறைவு. அதைக் காப்பாற்றுவதும் பொறியியல்தான் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. மயிலாப்பூருக்குத் தெற்கே, மந்தைவெளியைத் தாண்டி ஒரு சிறிய பூங்காவைப் புதுப்பித்தோம். அதன் நடுவில் ஒரு கலைப்படைப்பு வைக்க வேண்டும் என்று முடிவாகி, ஓர் இளம் சிற்பியின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வட்டமான கருங்கல் மேடை. அதன்மேல் பிறைபோல் வளைந்த இரும்புச் சட்டம். சட்டத்திலிருந்து தொங்கும் ஏழு பித்தளைக் குழாய்கள். ஏழும் ஏழு கோள்கள். ஏழும் ஏழு சுரங்கள். வானத்தில் மெல்ல நகரும் கோளுக்குத் தாழ்ந்த ஒலி, விரைந்து நகரும் கோளுக்கு உயர்ந்த ஒலி என்பது சிற்பியின் திட்டம். எல்லாவற்றிலும் சோம்பேறியான சனிக்கு மிக நீளமான குழாய், அதுவே ஷட்ஜம். ஒரே மாதத்தில் வானத்தைச் சுற்றிவிடும் சந்திரனுக்குக் குட்டைக் குழாய்; அது நிஷாதம். இடையில் வியாழன், செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன். பாட்டு கற்கும் பிள்ளைகள் முதலில் பயிலும் மாயாமாளவகௌளையின் சுரங்களில் அவை அமைந்திருந்தன. சங்கிலியில் கோத்த மரச் சுத்தி ஒன்று சட்டத்தில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தட்டலாம்.

குழாய்களைச் செய்து கொடுத்தவர் மீர்சாகிப்பேட்டை காதர் பாய். கல்யாண பேண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கும் பட்டறை அவருடையது. வாயும் அதிகம், பெருமையும் அதிகம். மாம்பலம் முதல் மண்ணடி வரை எந்த ஊர்வலத்தில் கிளாரினெட் பிசிறினாலும் “அது நான் பாத்த வாத்தியம் இல்ல” என்று தெருவில் நின்று சொல்லக்கூடியவர். பித்தளையை அளந்து அறுத்து, முனையை ராவி, ஒவ்வொரு குழாயையும் சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்து மாட்டியது அவர்தான். கடற்காற்றில் பித்தளை களிம்பேறும், நைலான் கயிறு நைந்துபோகும். ஆகவே மாதம் ஒருமுறை அவர் வந்து கழற்றித் துடைத்து மாட்டுவதென்று ஏற்பாடு. சிற்பியோ திறப்பு விழா முடிந்த கையோடு பரோடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

முதல் ஆண்டு எல்லாம் நன்றாகவே நடந்தது. பூங்காவுக்கு எதிர்வீட்டில் ஜானகி டீச்சர் என்ற அம்மையார் இருந்தார். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். வகுப்பு முடிந்த பிள்ளைகள் ஓடிவந்து குழாய்களில் சரளி வரிசையைத் தட்டிப் பார்ப்பார்கள். தப்பாகத் தட்டினால் டீச்சரின் ஜன்னலிலிருந்து, “காந்தாரம் எங்கேடா போச்சு? கடன் குடுத்துட்டியா?” என்று குரல் வரும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, நீளக் குழாயின் அடியில் ஓர் எள் விளக்கு எரிந்தது.

நாங்கள் யாரும் எதிர்பாராதது அது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். கல்லில் ‘சனி’ என்று பெயர் வெட்டி, வட்டமாக ஒரு மேடையும் கட்டி, அதை மயிலாப்பூர்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒருவரும் விளக்கு ஏற்ற மாட்டார்கள் என்று நம்பிய படித்தவர்கள் நாங்கள். சில வாரங்களில் விளக்குகள் பெருகின. மக்கள் மேடையை வலம் வந்தார்கள். செருப்புகள் மேடைக்குக் கீழே வரிசையாக நின்றன. சனிக் குழாயின் நடுவில் கறுப்புத் துணி கட்டினார்கள். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. எண்ணெய் வழிந்து கல் வழுக்கியது. மரச் சுத்தியை யாரோ சங்கிலியோடு சட்டத்தின் உச்சியில் சுற்றிவிட்டார்கள். பிள்ளைகள் வருவது நின்றது.

நான் மேலிடத்துக்குக் குறிப்பு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே காதர் பாயின் பராமரிப்பு நாள் வந்தது. நானும் உடன் போயிருந்தேன். மேடையில் ஏறி, அவர் பாட்டுக்குக் கறுப்புத் துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். நடைப்பயிற்சிச் சங்கத்தின் செயலாளர் வேணு, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வேகமாக வந்தார்.

“பாய், செருப்பைக் கழட்டுங்க. முதல்ல அதைத் தொடாதீங்க.”

“ஏன் சார்?”

“அது சனீஸ்வரன்.”

காதர் பாய் குழாயைப் பார்த்தார். “இதுவா? இத்த நான்தான் சார் அறுத்தேன், நான்தான் ராவினேன். ஓட்டை கூட நான் போட்டதுதான்.”

“அப்ப வெறும் குழாய். இப்ப அப்படி இல்ல. புரிஞ்சுக்குங்க. நீங்க தொடறது ஜனங்களுக்குச் சங்கடமா இருக்கு.”

வேணு கெட்ட மனிதர் அல்லர். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் அதிகம் வலித்திருக்க வேண்டும். காதர் பாய் துணியைப் பழையபடி முடிச்சிட்டார். பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இனிமே என்னை கூப்டாதீங்க சார். நான் செஞ்சத தொட எனக்கே அனுமதி கேக்குற எடத்துல எனக்கு இன்னா வேலை கீது?”

பின்னாலேயே வேணுவின் மனு அலுவலகத்துக்கு வந்தது. ஜானகி டீச்சரின் கையெழுத்துதான் முதலில் இருந்தது. கோரிக்கைகள் மூன்று. ஏழு கோள்கள் மட்டுமே இருப்பது குறையாகத் தோன்றுவதால், ராகு கேது இரண்டையும் சேர்க்க வேண்டும். மழை படாமல் கூரை போட வேண்டும். புனிதம் கெடாதவாறு சுற்றிலும் கம்பி வலை அமைத்து, உரியவர்கள் மட்டும் தொட வகை செய்ய வேண்டும்.

‘உரியவர்கள்’ என்ற அந்தச் சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்டில் அந்த ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதை அவற்றைக் கடந்து வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காவலரை வைத்து விளக்குகளை அகற்றினால், மறுநாள் அது ஒரு பூங்காவின் செய்தியாக இருக்காது. மனுவை ஏற்றால், கம்பி வலைக்கு வெளியே முதலில் நிற்பவர் அந்தக் குழாய்களைச் செய்தவராக இருப்பார். எதுவும் செய்யாமல் விட்டால், அதுவும் மனுவை ஏற்றதாகவே முடியும். நான் ஒரு குறிப்பு எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன்.

என் மேலதிகாரி செண்பகவல்லி மேடம். செயற்பொறியாளர். அவருடைய வேலை முறையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எந்த மனுவையும் அவர் மேசையில் வைத்துப் படித்துப் பதில் எழுதியதில்லை. மனு எந்த இடத்தைப் பற்றியதோ, அந்த இடத்துக்கே அதை எடுத்துக்கொண்டு போவார். கையெழுத்திட்டவர்களை வரச் சொல்வார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். ஒரு கையில் குடை, மறு கையில் மனு. ‘ஐயா’ என்ற விளிப்பிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை உரத்துப் படிப்பார். ஒவ்வொரு கோரிக்கைக்குப் பிறகும் நிமிர்ந்து, “எங்கே? காட்டுங்க” என்பார். அவ்வளவுதான். காகிதத்தில் எளிதாக எழுதப்பட்ட பல விஷயங்களைத் தரையில் விரலால் காட்ட முடியாது என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். அதேபோல, காகிதத்தில் அற்பமாகத் தெரிந்த சில குறைகள், அந்த இடத்தில் உரத்துப் படிக்கப்படும்போது பெரிதாகிவிடும்.

என் குறிப்பை அவர் படிக்கவில்லை. “அந்தப் பாய் வருவாரா?” என்று மட்டும் கேட்டார்.

“வர மாட்டேன்னுட்டார் மேடம்.”

“அவரைப் பத்தின மனுதான் இது. அவர் பேர் இல்லாம எழுதியிருக்காங்க. அவர் இல்லாம நான் படிக்க மாட்டேன். போய்க் கூட்டிட்டு வாங்க.”

மீர்சாகிப்பேட்டைப் பட்டறையில் காதர் பாய் ஒரு டிரம்பெட்டின் நசுங்கலைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைத் தலை நிமிராமல் கேட்டார்.

“வந்தா இன்னா சொல்லுவாங்க? செருப்ப கழட்டுன்னுவாங்க. இதோ பாரு சார், என் பட்டறையில நானே செருப்பு போட மாட்டேன். தொழில் நடக்குற எடம். அது எனக்கா தெரியும். யாரும் சொல்லித் தெரிய வேணாம்.”

“யாரும் சொல்ல மாட்டாங்க பாய். மேடம் மனுவைப் படிப்பாங்க. நீங்க கேட்டாப் போதும்.”

“கேக்குறதுக்கு வர்றேன். தொடமாட்டேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கூடினார்கள். வேணு, நடைப்பயிற்சிக்காரர்கள், முழங்கால் வலியோடு மெல்ல வந்து சேர்ந்த ஜானகி டீச்சர். காதர் பாய் சற்றுத் தள்ளிப் புங்கமரத்தடியில் நின்றார். மேடம் குடையை விரித்துப் படிக்கத் தொடங்கினார்.

மூன்றாவது கோரிக்கையை முதலில் எடுத்துக்கொண்டார். “கம்பி வலை. எங்கேருந்து எங்கே வரைக்கும்? காட்டுங்க.”

வேணு மேடையின் விளிம்பைக் காட்டினார். அப்படியானால் வலம் வருவது எங்கே என்று ஒருவர் கேட்டார். வெளியே தள்ளிக் காட்டினார். அப்போது சறுக்குமரம் உள்ளே வந்துவிட்டது. “என் பேரன் சறுக்கணும்னா குளிச்சிட்டு வரணுமா?” என்று சங்கத்துக்காரரே ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

“உரியவர்கள்னா யாரு? இங்க இருக்கறவங்கள்ல காட்டுங்க” என்றார் மேடம், அதே குரலில்.

வேணுவின் கை எழுந்து, பாதியில் நின்றது. மரத்தடியில் நின்றவரை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் விரலால் காட்டுவது எப்படி? காகிதத்தில் ஒரே சொல்லில் முடிந்திருந்தது. அவர் கையை இறக்கிக்கொண்டார். மேடம் அடுத்ததைப் படித்தார்.

“ராகு, கேது. எங்க வைக்கறது? என்ன சுரம் வைக்கறது?”

இப்போது ஜானகி டீச்சர் வாய் திறந்தார். “ஒண்ணுக்கு வேணா மேல் ஷட்ஜம் வெச்சுக்கலாம். ஒம்பதாவதுக்கு எங்க போறது? அதிருக்கட்டும். இப்ப இருக்கற ஏழே ஏழா இல்லையே. ஷட்ஜம் செத்துக் கெடக்கு. ஆதாரமே போயிடுத்து. எப்பவாவது ஒரு குழந்தை கையால தட்டிப் பாத்தா அழுகையா வரது எனக்கு.”

“நீங்கதானே டீச்சர் முதல் விளக்கு ஏத்தினது?” என்றார் வேணு, சற்றே குற்றம் சாட்டும் குரலில்.

“நான்தான். ஆத்துக்காரருக்கு ஏழரைச் சனி. கோவில் வரைக்கும் நடக்க எனக்கு முழங்கால் இல்லை. இங்க பேர் எழுதியிருந்தது, ஏத்தினேன். நான் விளக்கு ஏத்தினா ஸ்வரம் போயிடும்னு எனக்கு யார் சொன்னா?”

“வெளக்குல போவல மா.” மரத்தடியிலிருந்து குரல் வந்தது. தொடமாட்டேன் என்று சொல்லி வந்தவர் பொறுக்க மாட்டாமல் மேடைக்குக் கீழே வந்து நின்றிருந்தார். “துணியில போச்சு. சரியா நடுவுல கட்டிக்கிறாங்க பாருங்க, அதான் குழாய் ரொம்ப ஆடுற எடம். கழுத்த புடிச்சா எவன் பாடுவான்?”

“அப்போ எங்க கட்டணும்?” என்றார் டீச்சர்.

காதர் பாய் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், “வந்து காட்டுங்கோ. எட்ட நின்னு சொன்னா எனக்கு எப்படிப் புரியும்?” என்றார்.

அவர் ஏறினார். காலில் செருப்பு இருந்ததா இல்லையா என்று அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சனிக்குப் பக்கத்துக் குழாயான வியாழனை எடுத்துக்கொண்டார். நடுவில் ஒரு விரலை வைத்து, மறு கையின் விரல் முட்டியால் தட்டினார். தகரத்தைத் தட்டியது போலிருந்தது. பிறகு விரலைக் கீழே இறக்கி, குழாயின் அடிமுனைக்குச் சற்று மேலே ஓரிடத்தில் வைத்து, மறுபடி தட்டினார். ரிஷபம் தடையின்றி எழுந்து, பூங்காவின் மதில்வரை போய்த் தேய்ந்தது. விரல் அங்கேயே இருந்தது. தன் கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தில் இறுகக் கட்டி இன்னொரு முறை தட்டினார். அப்போதும் பாடியது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “அந்த எடத்துல அசைவே இல்லையா?”

“இல்ல மா. குழாய் மொத்தமும் துடிக்கும், அந்த எடம் மட்டும் சும்மா நிக்கும். மேல கயிறு போற ஓட்டை கீது பாருங்க, அங்கயும் அப்டித்தான். அதனாலதான் அங்க ஓட்டை போட்டு தொங்க விட்டேன். வேற எங்க போட்டாலும் சத்தம் செத்துப்பூடும். எல்லா குழாய்க்கும் ரெண்டு எடம்.”

அதற்குள் மேடம் என்னிடம் திரும்பி, ராகு கேது என்றால் வானத்தில் எங்கே, காட்டுங்கள் என்றார். காட்ட முடியாது என்றேன். அவை உருண்டைகள் அல்ல. சூரியன் போகிற பாதையும் சந்திரன் போகிற பாதையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள். அங்கே ஒரு பொருளும் இல்லை. ஆனால் சூரியனும் சந்திரனும் அந்த இடங்களில் வந்து சேரும்போதுதான் கிரகணம் பிடிக்கும் என்று விளக்கினேன்.

“அதைத்தான் நாங்க சாயா கிரகம்னு சொல்றோம்” என்ற டீச்சர், சற்று நேரம் குழாயையே பார்த்தார். “ஒண்ணுமே இல்லாத ரெண்டு எடம். அது ரெண்டுலதான் எல்லாம் தொங்கிண்டிருக்கு. வேணு, நீங்க கேட்ட ரெண்டும் இங்கேயே இருக்கே! மேல தலை, கீழ வால். அதுவும் ஒவ்வொண்ணுலயும்.”

வேணு என் பக்கம் திரும்பினார். “சார், அப்படின்னு நீங்க எழுத்துல குடுப்பீங்களா?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன் நான் தயங்கினேன். ஆம் என்றால் ஒரு நல்ல முடிவு எளிதாகக் கைக்கு வரும். ஆனால் அரசுக் காகிதத்தில் ஒரு பொறியாளர் எழுதிய பொய், இன்னொரு காலத்தில் இன்னொருவரின் கம்பி வலைக்குச் சான்றாகும். இல்லை என்று உதறினால், அந்த அம்மையார் தன் அறிவால் கண்டுபிடித்த ஒப்புமையை அவமதித்ததாகும்.

“இது ராகு, இது கேதுன்னு எழுத மாட்டேன் சார். குழாயில இந்த ரெண்டு இடமும் அசையறதில்லைன்னு எழுதுவேன். துணி கட்டணும்னா கீழ் இடத்துல மட்டும் கட்டலாம்னு எழுதுவேன். அதுக்குமேல டீச்சர் சொல்றதை நீங்க டீச்சர்கிட்டயே வாங்கிக்குங்க.”

“அது போதும்” என்றார் மேடம். மனுவை மடித்தார். கூரை கிடையாது, வலை கிடையாது. சனிக் குழாயின் கீழ் அசையா இடத்தில், துணி கட்ட ஒரு பித்தளை வளையம். விளக்கு ஏற்ற மேடைக்கு வெளியே ஒரு தனிக் கல். மரச் சுத்தி பழைய இடத்துக்கு வரும். இந்த முடிவை அங்கேயே நின்று சொன்னார். அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் ஜீப்பில் நான் என் சந்தேகத்தைச் சொன்னேன்: பொது இடத்தில் விளக்குக்கு ஒரு கல்லைக் கொடுத்தது சரிதானா?

“தெரியல” என்றார். “கல்லை எடுக்கணும்னா நாளைக்கு எடுத்துடலாம். வலை போட்டிருந்தா யாரும் எடுக்க மாட்டாங்க.”

வளையத்தைக் காதர் பாய் செய்து கொடுத்தனுப்பினார். ஆனால் அவர் வரவில்லை. நான் ஆள் வைத்து அதை மாட்டினேன். குழாய்களைக் கழற்றித் துடைத்துச் சுருதி பார்க்க அவர் கை வேண்டும். அந்தக் கை வர மறுத்தது. தொலைபேசியில் கேட்டபோது, “அன்னிக்கு ஏறினது கோவத்துல சார். பராமரிப்புக்கு வரணும்னா அவங்க கூப்டணும். நீங்க கூப்ட்டா அது ஆபீஸ் வேலை” என்றார். அதில் அவர் பிடிவாதம் பாதி, மீதி நியாயம். பூங்கா எங்களுடையதாக இருந்தால் எங்கள் அழைப்பு போதும். தெருவுடையதாக இருந்தால் போதாது. குழாய்கள் மழைக்காலத்தில் களிம்பேறிப் பச்சை பூத்தன. சனிக் குழாயின் ஷட்ஜம் உயிரோடு வந்திருந்தாலும், மற்றவற்றோடு சேராமல் தனியே நின்றது.

அந்த ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். வடக்கே முழுமையாக மறையும், சென்னையில் ஒரு பங்கு மறையும் என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன. தீபாவளிக்கு முன்தினம் ஜானகி டீச்சர் அலுவலகத்துக்குத் தொலைபேசினார்.

“சார், அந்தப் பாயோட நம்பர் வேணும். கிரகண காலத்துல நாங்க யாரும் வெளிய வரமாட்டோம். விட்டப்புறம்தான் ஸ்நானம், சமையல் எல்லாம். டி.வி.ல வடக்கத்தி நேரம்னா காட்டுவா, இங்க எப்போ விடறதுன்னு எப்படித் தெரியும்? போன தடவை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு நேரம் சொல்லி ஒரே ரகளை. அவர் வந்து குழாயைத் தட்டினார்னா தெருவுக்கே கேக்கும்.”

“வாட்ச்மேனைத் தட்டச் சொல்லட்டுமா டீச்சர்?”

“வேண்டாம். அவர்தான் வரணும்னு வேணுவும் சொல்றார். சுருதியோட கேக்கணும் எனக்கு.”

மறுநாள் தீபாவளியன்று காதர் பாயே என் வீட்டுக்குத் தொலைபேசினார். குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. “அந்தம்மா கூப்ட்டாங்க சார். பின்னாடியே அந்த பேங்க்காரரும் பேசினாரு. கிரகணத்துக்கு எங்களுக்கும் தொழுகை கீது, அத்த முட்ச்சிட்டு வந்துர்றேன்.”

கிரகணம் பிடித்திருந்தபோது அந்தத் தெருவைப் பார்த்தவர்கள் குறைவு. மழை மாதமாக இருந்தும் வானம் அன்று வழிவிட்டிருந்தது. வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. யாரோ வெளிச்சத்தில் தண்ணீர் கலந்துவிட்டதுபோல் இருந்தது. கதவுகளும் ஜன்னல்களும் சாத்தியிருந்தன. முந்திய நாள் வெடித்த காகிதக் குப்பைமேல் ஒரு காலடியும் விழவில்லை. நான் கேட்டருகே நின்றேன். காதர் பாய் தன் மொபெட்டைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வந்தார். மேடையருகே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டார். நான் அதைக் கவனித்ததை அவர் கவனித்தார். “தொழில் எடம்” என்றார்.

குழாய்களை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்தார். சனிக் குழாயின் வளையத்தில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டு, குழாயைத் தேய்த்து முடித்ததும் அதையே திரும்பக் கட்டினார். சுருதி பார்க்கச் சுத்தியைத் தொடவே இல்லை. குழாயைக் காதோடு ஒட்டிக்கொண்டு நகத்தால் சுண்டினார். ஏன் என்று கேட்டேன்.

“சத்தமா தட்டினா விட்டுச்சுன்னு நென்ச்சிக்கினு குளிச்சிருவாங்க சார். ஒரு தெருவே நம்மள நம்பி பட்டினி கெடக்குது.”

அண்ணாந்து சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதால், அவரைப் புங்கமரத்தடிக்கு அழைத்துப்போனேன். இலைகளின் இடுக்குகளில் விழும் ஒளித் துளிகள் தரையில் வழக்கம்போல் வட்டமாக இல்லை. அத்தனையும் கடிபட்ட பிறைகளாக நடுங்கிக்கொண்டிருந்தன.

“யா அல்லா! ஒரு பிறைய பாக்க மொட்டை மாடியில கழுத்து ஒடிய நிப்போம். இங்க கொட்டி கெடக்குதே சார்!” என்று அவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் அங்கேயே உட்கார்ந்து பிறைகள் பருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் இரண்டு முறை, போதும் என்றேன். அவர் இரண்டு முறையும் குனிந்து பார்த்து, “ஓரத்துல இன்னும் கொஞ்சம் கீது. அவசரப்படாதீங்க” என்றார். கடைசியில் ஒவ்வொரு துளியும் முழு வட்டமாயிற்று. அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு மேடையேறி, மரச் சுத்தியைக் கையில் எடுத்தார்.

முதலில் சனி. ஷட்ஜம் தெருவின் மறுமுனைவரை நிறைந்து நின்றது. அது தேயும்வரை காத்திருந்து, வியாழன், செவ்வாய், சூரியன் என்று ஒவ்வொன்றாக ஏறிச் சந்திரனை அடைந்து, அதே வழியில் இறங்கி, மீண்டும் சனியில் வந்து நின்றார். எதிர்வீட்டு ஜன்னலின் கொண்டி விழுந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கதவு. பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, தெருவின் இரண்டு பக்கத்திலும் குழாய்கள் திறந்து வாளிகளில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

“இன்னா சார், சுருதி சேந்துச்சா?” என்றார் காதர் பாய்.

நான் வீடுகளின் பக்கம் கை காட்டினேன். தெரு முழுவதும் குளித்துக்கொண்டிருந்தது.